பாராகிளைடிங் போறீங்களா? முதுகெலும்பை உடைப்பது கடைசி சில மீட்டர்தான்!

2020-ல் ரஜினியை பந்திப்பூர் காட்டுக்குள் அழைத்துப்போன பியர் கிரில்ஸை ஞாபகம் இருக்கிறதா? 1996-ல் ஜாம்பியாவில் அவர் வானிலிருந்து குதித்தபோது பாராசூட் ஒழுங்காக விரியவில்லை. முதுகிலிருந்த பாராசூட் பை மீதே விழுந்தார். மூன்று முள்ளெலும்புகள் உடைந்தன. 1998-ல் எவரெஸ்ட் ஏறிவிட்டதால் இன்று அது தன்னம்பிக்கைக் கதை. ஆனால், தண்டுவடம் அறுபடாமல் தப்பியதால்தான் அந்தக் கதையே இருக்கிறது.

நம்மில் யாரும் அப்படிக் குதிக்கப்போவதில்லை. ஆனால், லீவு போட்டு இமாச்சலப் பிரதேசத்தின் பீர்-பில்லிங் போகிறவர்கள் நிறைய பேர். பில்லிங்கில் சுமார் 2,400 மீட்டர் உயரத்திலிருந்து கிளம்பி, கீழே பீரில் இறங்க வேண்டும். 2015-ல் பாராகிளைடிங் உலகக் கோப்பை நடந்த இடம். சுற்றுலா வருபவர்கள் பெரும்பாலும் டேண்டம்தான்: நீங்கள் முன்னால், பைலட் பின்னால்.

பலரும் பயப்படுவது உயரத்துக்கு. முதுகுக்கு ஆபத்து அதிகம் வருவதோ, கிளம்பும்போதும் இறங்கும்போதும்தான்.

முதுகு மட்டும் ஏன்?

பாராகிளைடரில் நாற்காலியில் உட்கார்ந்ததுபோல இருப்போம். அதே நிலையில் தரையில் மோதினால், அடி நேராக முதுகெலும்பில் ஏறும். மேல் முதுகை விலா எலும்புகள் கூண்டுபோலப் பிடித்திருக்கின்றன. அது அதிகம் அசையாது. இடுப்புப் பகுதி நன்றாக வளையும். அசையாததும் வளைவதும் சந்திக்கும் இடத்தில்தான் எல்லா அழுத்தமும் குவிகிறது. டாக்டர்கள் அதை டி12, எல்1 என்பார்கள். பாராகிளைடிங் விபத்துகளில் அதிகம் நொறுங்குவது இந்தப் பகுதிதான். தண்டுவடம் முடிவதும் கிட்டத்தட்ட அங்கேதான். நொறுங்கிய எலும்புத் துண்டு பின்பக்கம் தள்ளப்பட்டால் கால்கள் செயலிழக்கலாம்; சிறுநீர், மலக் கட்டுப்பாடும் போகலாம்.

ஒரு சின்ன கணக்கு. வெறும் 3 மீட்டரிலிருந்து விழுந்தாலே தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 28 கி.மீ. கால் ஊன்றி, முழங்கால் மடங்கி, அரை மீட்டர் தூரத்தில் அந்த வேகம் அடங்கினால் உடல் வாங்கும் அடி புவியீர்ப்பைப்போல சராசரியாக 6 மடங்கு. உட்கார்ந்தபடி விழுந்து 15 செ.மீ. மெத்தைக்குள் அடங்க வேண்டுமென்றால் 20 மடங்கு. மெத்தையும் இல்லையென்றால்? நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அதனால்தான் ஹார்னஸுக்கு அடியில் ஃபோம் அல்லது ஏர்பேக் வைக்கிறார்கள். இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள், கேளுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. கிளம்பும்போது பைலட் "ஓடு, ஓடு" என்று கத்துவார். பயத்தில் பலர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள், அதுதான் தப்பு. அவர் சொல்லும்வரை ஓடுங்கள். இறங்கும்போது அவர் சொன்னதும் காலைக் கீழே விட்டு ஓடத் தயாராகுங்கள். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். விறைத்த காலில் இறங்கினால் குதிகால் உடையலாம். உயரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்து வருபவர்களுக்கு டாக்டர்கள் முதுகையும் சேர்த்தே பரிசோதிப்பது சும்மா இல்லை.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பவர்களுக்கு: பல பாலிசிகளில் சாகச விளையாட்டுகள் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். தனியாகச் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

விழுந்துவிட்டால்?

நம்ம ஊர் பழக்கம் ஒன்று உண்டு. யாராவது விழுந்தால் நாலு பேர் ஓடிவந்து கைகாலைப் பிடித்துத் தூக்கி, தண்ணீர் கொடுத்து, கிடைத்த காரில் உட்காரவைத்துவிடுவோம். முதுகெலும்பு உடைந்தவருக்கு அந்த அன்பே ஆபத்து. அசைவில் எலும்பு இன்னும் விலகி தண்டுவடத்தை நசுக்கலாம். வேறு உடனடி ஆபத்து இல்லையென்றால் கிடந்த இடத்திலேயே இருக்கட்டும். தலையும் கழுத்தும் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, 108-க்கு போன் செய்யுங்கள். இமாச்சலிலும் அதே எண்தான். கால் மரத்துப்போகிறதா, விரலை அசைக்க முடிகிறதா என்று கேட்டு, வருபவர்களிடம் சொல்லுங்கள். "வலியே இல்லை, நான் நடந்துடுவேன்" என்று அவர் எழப் பார்த்தால் விடாதீர்கள். விழுந்த பதற்றத்தில் வலி சில நேரம் தாமதமாகத்தான் தெரியும்.