முதல் செலவு ஆற்றுக்கே

சேலத்துக்கு வரும் விருந்தினரை எங்கே அழைத்துப்போவது என்று இந்த மாவட்டத்தில் யாரும் அதிகம் யோசிப்பதில்லை. ஏற்காடு, இல்லையென்றால் மேட்டூர். அயோத்தியாப்பட்டணத்தைத் தாண்டிக் கிழக்கே போகிறவர்களில் பெரும்பாலோர் ஊர் பார்க்கப் போகிறவர்கள் அல்லர். உளுந்தூர்பேட்டை வழியாகச் சென்னைக்கு விரைகிறவர்கள். புறவழிச்சாலைகள் வந்த பிறகு வாழப்பாடியும் ஆத்தூரும் அவர்களுக்குப் பச்சைப் பலகையில் தெரியும் பெயர்கள், அவ்வளவுதான். அந்த நெடுஞ்சாலைக்கும் சேலம் - விருத்தாசலம் ரயில் பாதைக்கும் துணையாக, அருநூத்துமலையிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் நீர் வாங்கிக்கொண்டு வசிஷ்ட நதி கிழக்கே போகிறது என்பது நம் மாவட்டத்துக்காரர்களிலேயே பலருக்குத் தெரியாது.

இந்தப் பள்ளத்தாக்கை மக்கள் வந்து பார்க்க வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது நம் நிலை. ஆனால் அந்தப் பணத்தின் முதல் ரூபாய் அலங்கார வளைவுக்கும் செயற்கை நீரூற்றுக்கும் போகக் கூடாது. ஆற்றுக்குப் போக வேண்டும். ஆறு நாறிக்கொண்டிருக்கும்போது கரையில் எதைக் கட்டினாலும் அது வீண்.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுவோம். பள்ளத்தாக்கின் வாசல் அயோத்தியாப்பட்டணம். மஞ்சவாடி கணவாய் வழியாக அரூருக்கும், குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கும், வாழப்பாடி வழியாக ஆத்தூருக்கும் இங்கிருந்தே சாலைகள் பிரிகின்றன. இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் இராமர் பட்டாபிஷேகக் கோலத்தில் காட்சி தந்த இடம் என்று தலபுராணம் சொல்லும் கோதண்டராமர் கோயில் ஊர் நடுவில் இருக்கிறது. அதன் நாயக்கர் காலத் தூண்களை நின்று பார்க்கவே ஒரு காலைப்பொழுது வேண்டும். அங்கிருந்து கிழக்கே போகப் போக நிலம் நிறம் மாறும். மானாவாரிக் காடுகள் பின்னுக்குப் போய்ப் பாக்குத் தோப்புகள் வரும். பேளூர், வாழப்பாடிப் பக்கம் பாக்கு உரித்து, வேகவைத்து, களத்தில் காயவைக்கும் பருவத்தில் தெருவே அந்த வேலையில் இருக்கும். வெளியூர்க்காரர் ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கத் தகுந்த வேலை அது.

ஆற்றோடு நடப்பதற்கு ஒரு தடமும் புதிதாக வகுக்க வேண்டியதில்லை. நம் முன்னோர் வகுத்து வைத்திருக்கிறார்கள். வசிஷ்ட நதிக் கரையில் ஐந்து சிவாலயங்களை ஐம்பூதத் தலங்களாகக் கொண்டாடுவது இப்பகுதி மரபு. பேளூர் தான்தோன்றீஸ்வரர் நிலம், ஏத்தாப்பூர் சாம்பமூர்த்தீஸ்வரர் நீர், ஆத்தூர் காயநிர்மலேஸ்வரர் நெருப்பு, ஆறகளூர் காமநாதீஸ்வரர் காற்று, கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள் போய்விடும் கூகையூர் சுவர்ணபுரீஸ்வரர் ஆகாயம். ஒரே நாளில் ஐந்தையும் தரிசிப்பவர்கள் இன்றும் உண்டு. ஆற்றைக் கண்ணில் வைத்துக்கொண்டே போன யாத்திரை அது. ஆறகளூர் பிற்காலச் சோழர் நாளில் மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர்களின் ஊர். அதற்கு அருகிலுள்ள தியாகனூரில் தியான நிலையில் அமர்ந்த பெரிய கற்புத்தர் சிலைகள் இருக்கின்றன. சைவமும் பௌத்தமும் ஒரே கரையில் வாழ்ந்த வரலாற்றைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பறையில் சொல்வதைவிட இங்கே அழைத்துவந்து காட்டுவது எளிது. ஆத்தூர்க் கோட்டை 17ஆம் நூற்றாண்டின் பாளையக்காரர் காலத்தது. பிறகு ஹைதர் அலி, திப்பு சுல்தான், கிழக்கிந்தியக் கம்பெனி என்று கைமாறியது. ஒரு பக்கம் ஆறே அதற்குக் காவல்.

வெளியில் திரிய விரும்புகிறவர்களுக்கு மலையடிவாரம் இருக்கிறது. வாழப்பாடிக்கு மேலே புழுதிக்குட்டையில் ஆனைமடுவு அணை, பாப்பநாயக்கன்பட்டியில் கரியகோவில் அணை. 67 அடி உயரமும் 267 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் கொண்ட முன்னது மேட்டூரைப் பார்த்த கண்ணுக்குச் சிறிதுதான். ஆனால் மலை மூன்று பக்கம் சூழ, சத்தமில்லாத நீர்ப்பரப்பைப் பார்க்க விரும்புகிறவருக்கு மேட்டூரில் கிடைக்காதது இங்கே கிடைக்கும். ஆத்தூருக்கு வடக்கே முட்டல் ஏரியில் வனத்துறை படகு விடுகிறது. அதற்கு மேலே ஆனைவாரி அருவி. இன்னும் உள்ளே போனால் கருமந்துறை, அங்கே அரசின் பெரிய பழப்பண்ணை, கல்வராயன் மலைக் கிராமங்கள்.

மக்கள் வரமாட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஏத்தாப்பூர் அருகே புத்திரகவுண்டம்பாளையத்தில் 146 அடி உயர முத்துமலை முருகன் சிலைக்கு 2022 ஏப்ரலில் குடமுழுக்கு நடந்தது முதல் அந்தச் சாலையில் கார்கள் வரிசை கட்டுகின்றன. பக்தியோடு வருகிறார்கள், கும்பிடுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். பக்கத்து ஊரில் ஆற்றங்கரைக் கோயில் இருப்பதை அவர்களிடம் சொல்ல அங்கே ஒரு பலகைகூட வைக்க நமக்குத் தோன்றவில்லை. வந்தவரை அரைநாள் இருக்கச் செய்யும் ஏற்பாடு நம்மிடம் இல்லை. ஊர்க்கடையில் அவர் சாப்பிட்டு, பாக்குமட்டைத் தட்டு வாங்கி, தம்மம்பட்டி மரச்சிற்பத்தை விலை கேட்டுவிட்டுப் போனால்தான் சிற்றூருக்குச் சுற்றுலாவால் காசு வரும்.

இப்போது ஆற்றுக்கு வருவோம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் வெளியிட்ட பட்டியலில் நாடு முழுவதும் 351 ஆற்றுப் பகுதிகள் மாசடைந்தவையாகக் குறிக்கப்பட்டன. அவற்றில் வசிஷ்ட நதியும் உண்டு. அதுவும் மிக மோசமான முதல் வகுப்பில். கரிமக் கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு பிராணவாயுவை இழுத்துக்கொள்கின்றன என்பதை வைத்து இதை அளக்கிறார்கள். குளிக்கத் தகுந்த ஆற்றில் அது லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. முதல் வகுப்பு என்றால் 30ஐத் தாண்டியது என்று பொருள். வாரியம் குறிப்பிட்ட பகுதி மணிவிழுந்தானிலிருந்து தியாகனூர் வரை. புத்தர் அமர்ந்திருக்கும் ஊரில்தான் அந்தக் கோடு முடிகிறது.

காரணம் ஊரறிந்தது. ஜவ்வரிசி. இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து வரத்து நின்றபோது சேலத்தில் பிறந்த தொழில் இது. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. சேலம் ஜவ்வரிசி 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. ஆயிரக்கணக்கான மரவள்ளி விவசாயிகளின் வயிறு இதில் அடங்கியிருக்கிறது. ஆலைகளை மூடு என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் கிழங்கைக் கழுவி, அரைத்து, மாவைப் படியவைத்துப் பிரிக்கும்போது வெளியேறும் தண்ணீரில் மாவுச்சத்து நிறைந்திருக்கும். அதை அப்படியே ஓடையில் விட்டால் புளித்து நாறும், மீன் சாகும், கரையோரக் கிணறுகள் கெடும். அந்த நீரை மூடிய தொட்டியில் நொதிக்கவைத்து எரிவாயு எடுக்க முடியும். அந்த வாயுவை ஆலையிலேயே எரிபொருளாக்க முடியும். சேலம் மாவட்டத்தில் பல ஆலைகள் இதைச் செய்தும் காட்டியிருக்கின்றன. செய்யாதவை பெரும்பாலும் முதலீட்டுக்கு வழியில்லாத சிறிய ஆலைகள். அவற்றுக்குக் கடனும் மானியமும் கொடுத்து, பல ஆலைகளுக்குப் பொதுவான தொட்டி அமைக்க உதவிய பிறகும் இரவில் குழாயைத் திறந்துவிடுகிறவர்கள் மீது தயவு காட்டக் கூடாது. ஆலைகளின் மீது மட்டும் பழியைப் போட்டுவிட்டு நகராட்சிகள் தப்பிக்கவும் கூடாது. ஆத்தூர், நரசிங்கபுரம் நகராட்சிகளும் பேளூர், ஏத்தாப்பூர், பெத்தநாயக்கன்பாளையம் பேரூராட்சிகளும் தங்கள் சாக்கடை எந்த இடத்தில் ஆற்றில் இறங்குகிறது என்று வரைபடம் போட்டு மக்கள் முன் வைக்கட்டும்.

வசிஷ்ட நதிக்கு இன்னொரு குறை. காவிரியையும் அதன் துணையாறுகளையும் சீரமைக்க வகுத்த ‘நடந்தாய் வாழி காவேரி’ திட்டத்தில் நம் மாவட்டத்துச் சரபங்காவுக்கும் திருமணிமுத்தாற்றுக்கும் இடம் கிடைத்தது. வசிஷ்ட நதி காவிரிக்குப் போவதில்லை. வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டைக்கு அருகே கடலை அடைகிறது. அதனால் விடுபட்டது. ஒரே வாரியப் பட்டியலில் ஒரே முதல் வகுப்பில் நின்ற மூன்று ஆறுகளில் ஒன்றை மட்டும் வாசலில் நிறுத்திவைப்பது நியாயம் இல்லை. வெள்ளாற்றுப் படுகைக்கென்று தனித்திட்டம் வேண்டும். அதில் வசிஷ்ட நதியும், கங்கவல்லி - தம்மம்பட்டிப் பக்கத்துச் சுவேத நதியும் சேர வேண்டும்.

ஆற்றைப் பார்க்க மக்கள் வரத் தொடங்கினால் ஆறு தானாகக் காப்பாற்றப்பட்டுவிடும் என்று நினைப்பவர்களுக்கு வேல்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் இடையில் ஓடும் வை ஆற்றைக் காட்டலாம். 1770இல் அதில் படகில் போன வில்லியம் கில்பின் 1782இல் வெளியிட்ட நூல், இயற்கைக் காட்சி பார்ப்பதற்காகவே பயணம் போகும் பழக்கத்தை அந்த நாட்டில் பரப்பியது. இருநூறு ஆண்டுக்கு மேல் கூட்டம் குறையவில்லை. அப்படிப்பட்ட ஆற்றையே கோழிப்பண்ணை எருவிலிருந்து வடிந்த பாஸ்பேட் பச்சைப் பாசியாக மாற்றியது. 2023இல் அரசின் இயற்கைக் காப்பு அமைப்பே அதன் தரத்தை ‘சீரழிந்துவருகிறது’ என்று இறக்கியது. கோழிப்பண்ணைகள் நிறைந்த நாமக்கல்லைப் பக்கத்தில் வைத்திருக்கும் நாம் இதை வேற்று நாட்டுச் செய்தியாகப் படித்துவிட்டுப் போக முடியாது.

வெளியூர்க் கூட்டம் வந்தால் ஏற்காட்டைப் போல இங்கும் நெரிசலும் நெகிழிக் குப்பையும்தான் மிஞ்சும் என்று அஞ்சுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. அதனால்தான் எப்படிப்பட்ட சுற்றுலா என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். கேரளத்தின் குமரகத்தில் 2008 வாக்கில் பொறுப்புச் சுற்றுலாவைத் தொடங்கியபோது, விடுதிகள் காய்கறியும் மீனும் பாலும் உள்ளூர்க் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்களிடம் வாங்கும் ஏற்பாட்டைத்தான் முதலில் செய்தார்கள். ஐ.நா. சுற்றுலா அமைப்பின் விருதே பிறகு அந்த முயற்சிக்குக் கிடைத்தது. தலைவாசல் காய்கறிச் சந்தை நம் கையில் இருக்கிறது. மகளிர் குழுக்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர் அருவிக்கு வழிகாட்டிகளாகவும், விருந்தினரை வீட்டில் தங்கவைப்பவர்களாகவும், நுழைவுக் கட்டணத்தில் பங்கு பெறுபவர்களாகவும் இருக்க வேண்டும். வெளியூர் முதலாளி மலையில் வாங்கிப் போடும் மனைகளில் அவர்கள் காவலாளிகளாக நிற்கும் நிலை வரக் கூடாது.

தண்ணீரே இல்லாத ஆற்றில் என்ன பார்ப்பது என்றும் கேட்கலாம். கோடையில் வசிஷ்ட நதி மணலும் முள்ளுமாகக் கிடப்பது உண்மை. வடகிழக்குப் பருவமழைக்குப் பிந்தைய மாதங்களுக்கான பள்ளத்தாக்கு இது என்று வெளிப்படையாகச் சொல்லி அழைப்பதில் தவறில்லை. ஏப்ரலில் அருவியைக் காட்டுவதாகச் சொல்லி ஏமாற்ற வேண்டாம்.

மழைக்காலத்துக்கு அழைக்கும்போது பாதுகாப்பும் கூடவே வர வேண்டும். 2021 அக்டோபரில் ஆனைவாரி அருவியில் திடீர் வெள்ளம் வந்தபோது, பாறையில் மாட்டிக்கொண்ட தாயையும் கைக்குழந்தையையும் உயிரைப் பணயம் வைத்து மீட்ட காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. முதலமைச்சர் பாராட்டினார். பாராட்டுக்கு உரியவர்கள்தான். ஆனால் துணிந்த கரங்கள் எல்லா முறையும் அருகில் இருப்பதில்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வெள்ளம் 17 வயதுச் சிறுவனைக் கொண்டுபோனது. அருவியில் வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை கொட்டும். மேல் கிராமங்களில் மழைமானி வைத்து, அங்கிருந்து அருவிக் காவலருக்குத் தகவல் வரும்படி கம்பியில்லாத் தொடர்பு அமைத்து, ஒலிபெருக்கியில் எச்சரித்து மக்களை வெளியேற்றப் பெரிய தொகை ஆகாது.

மற்றவை சின்ன வேலைகள். பேளூர், ஏத்தாப்பூர், ஆறகளூர், தியாகனூரைக் கோத்துக்கொண்டு விடுமுறை நாளில் ஆத்தூரிலிருந்து ஒரு நகரப் பேருந்து. காலையில் அயோத்தியாப்பட்டணத்தில் ஏறி மாலையில் திரும்ப ஏதுவாக ரயில் நேரம். பெண்கள் தயங்காமல் போகக்கூடிய கழிவறை. கோயில்களிலும் கோட்டையிலும் யார், எப்போது கட்டியது என்று நல்ல தமிழில் எழுதிய பலகை. இவை எதற்கும் வெளியிலிருந்து ஆலோசகரை அழைத்துத் திட்ட அறிக்கை கேட்க வேண்டாம்.

ஆற்றுக்குள் கான்கிரீட் போட்டு நடைபாதையும் செல்ஃபி மேடையும் கட்டும் வேலையை மட்டும் யாரும் தொடங்கிவிடக் கூடாது. ஆற்றின் அகலத்தைக் குறைப்பதற்குச் சுற்றுலா என்று பெயர் வைத்தால் வெள்ளம் வரும் ஆண்டில் ஆத்தூர்தான் அதற்கு விலை கொடுக்கும்.

மாவட்ட நிர்வாகம் இந்தப் பருவமழைக்கு முன்பே தொடங்கக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. பேளூர், ஆத்தூர், தியாகனூர் ஆகிய மூன்று இடங்களில் மாதந்தோறும் ஆற்று நீரைச் சோதித்து, முடிவை வாழப்பாடி, ஆத்தூர், தலைவாசல் பேருந்து நிலையங்களில் எல்லோரும் படிக்கும்படி எழுதிவைக்க வேண்டும். தியாகனூர் எண் 3க்குக் கீழே இறங்குகிற மாதத்தில் சுற்றுலாத் துறை தன் விளம்பரப் பலகையை அயோத்தியாப்பட்டணத்தில் நடட்டும்.