அனாதைப் பிணம் சொன்ன சாட்சி!

பூண்டியில் காலை பஸ் பிடித்து, கவுஞ்சி, மன்னவனூர், பூம்பாறை வழியாகக் கொடைக்கானல் வந்து, அங்கே மாறி வத்தலக்குண்டு பஸ்ஸில் உட்காருகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பஸ் பெருமாள்மலைப் பக்கம் வந்ததும் யாராவது ஒருவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவார்.

"இந்தக் காட்டுலதாண்ணே கொண்டுவந்து போட்டாங்க!"

அவ்வளவுதான். பஸ்ஸுக்குள் கோர்ட்டு கூடிவிடும்! பூண்டு மூட்டைக்கு விலை பேசப் போகிறவர் ஒரு கட்சி. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா எதிர்க் கட்சி. நடுவில் ஒரு பெரியம்மா, "அந்தப் பொண்ணு பாவம்டா" என்பார். இன்னொருத்தர், "அவளும் சும்மாவா இருந்திருப்பா?" என்பார். கண்டக்டர் விசில் அடித்தாலும் கோர்ட்டு கலையாது.

கொலை நடந்தது 2001-ல். கடைசித் தீர்ப்பு வந்தது 2019-ல். தண்டனை பெற்றவரும் செத்துப் போனார். வழக்கு முடிந்துவிட்டது. வாதம் மட்டும் முடியவில்லை!

வாதம் செய்வது தப்பு இல்லை. சாட்சியம் என்ன, அதைக் கோர்ட்டு எப்படி எடை போட்டது என்பதைத் தெரிந்துகொண்டு பேசினால் நல்லது. அதைத்தான் இன்று எழுதுகிறோம்.

நடந்தது என்ன?

சரவண பவன் ஓட்டல் அதிபர் ராஜகோபால். ஊழியர்கள் "அண்ணாச்சி" என்றுதான் சொல்வார்கள். 1981-ல் சென்னை கே.கே. நகரில் ஒரு ஓட்டல் போட்டு, உலகம் முழுக்கக் கிளை பரப்பியவர். ஏற்கனவே இரண்டு மனைவிகள். தன் ஓட்டலில் வேலை பார்த்த ஒருவரின் மகள் ஜீவஜோதியை மூன்றாவதாகக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். ஜோசியர் சொன்னார் என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஆனால் ஜீவஜோதிக்கு ஏற்கனவே கல்யாணம் ஆகிவிட்டது. கணவர் பெயர் பிரின்ஸ் சாந்தகுமார்.

கணவனை விட்டுவிடு என்று மிரட்டல். அவள் மசியவில்லை. 2001 அக்டோபர் 1-ந் தேதி கணவன், மனைவியைக் காரில் கடத்தினார்கள். தப்பி வந்து அக்டோபர் 12-ந் தேதி போலீசில் புகார் கொடுத்தார்கள். அக்டோபர் 18-ந் தேதி மறுபடியும் கடத்தல்!

தேதிகளை வாசகர்கள் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். புகார் கொடுத்த ஆறாம் நாள், புகார் கொடுத்தவர்களையே திரும்பவும் தூக்கிக்கொண்டு போனார்கள். பஸ் வாதத்தில் இதை யாரும் பேசுவது இல்லை. நம்மைக் கேட்டால் இந்த வழக்கில் முதலில் பேச வேண்டியதே இந்த ஆறு நாளைத்தான்.

அக்டோபர் 26-ந் தேதி சாந்தகுமார் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். கொடைக்கானல் மலையில் டைகர் சோலைக் காட்டில் பிணத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள்.

"டி.என்.ஏ. எங்கே?"

பஸ்ஸில் குமாஸ்தா கேட்கிற முதல் கேள்வி இது. "டி.என்.ஏ. சோதனையே பண்ணலையே சார்! அது அவர் பிணம்தான்னு எப்படிச் சொல்றது? கொன்னதைப் பார்த்த ஆளு யாரு?"

கேள்வி நியாயமானது. சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போன கேள்வி இது.

2019 மார்ச் 29-ந் தேதி தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டு இதற்குப் பதில் சொன்னது. டி.என்.ஏ. சோதனை என்பது நிபுணர் கருத்துதான். அது இருந்தால் நல்லது. இல்லை என்பதற்காக மற்ற சாட்சியங்களைத் தூக்கிப் போட முடியாது. வழக்கைப் பொறுத்து அதன் மதிப்பு ஏறும், இறங்கும்.

அப்படியானால் மற்ற சாட்சியங்கள் என்ன? பிணத்தைப் போலீசார் போட்டோ எடுத்து வைத்திருந்தார்கள். உடம்பில் இருந்த துணிமணிகளைப் பத்திரப்படுத்தி இருந்தார்கள். போட்டோவையும் துணியையும் பார்த்து மனைவி அடையாளம் சொன்னார். பிறகு புதைத்த இடத்தைத் தோண்டி எடுத்து, மண்டை ஓட்டின் படத்தையும் சாந்தகுமார் உயிரோடு இருந்தபோது எடுத்த போட்டோவையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பார்த்தார்கள். கண் குழி, மூக்கு, தாடை எல்லாம் பொருந்துகிறதா என்று பார்க்கிற முறை அது.

இந்த முறை தப்பே செய்யாது என்று கோர்ட்டு சொல்லவில்லை. அது ஒன்றை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது, மற்ற சாட்சியத்துக்கு முட்டுக் கொடுக்கத்தான் அது உதவும் என்றது. இங்கே முட்டுக் கொடுக்க நிறைய இருந்தது. ஆசை என்ற காரணம், மிரட்டல், முந்திய கடத்தல், கடைசியாக அந்த ஆட்கள் வசத்தில்தான் சாந்தகுமார் இருந்தார் என்ற சாட்சியம், பிணம் கிடைத்த இடம். எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் காட்டியது.

ஒரு பழைய பேப்பர்!

படத்தின் மேல் படம் வைக்கும் இந்த வித்தை பிரபலமானதே ஒரு மனைவி கொலையில்தான். 1935-ல் இங்கிலாந்தில் லங்காஸ்டர் என்ற ஊரில் பக் ரக்ஸ்டன் என்று ஒரு டாக்டர். பம்பாயில் பிறந்த பார்சி! மனைவியையும், வீட்டு வேலைக்காரப் பெண்ணையும் கொன்று, துண்டு துண்டாக்கி, ஸ்காட்லாந்தில் மாபட் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஓடைப் பள்ளத்தில் வீசிவிட்டு வந்தார். அதுவும் மலைப் பாங்கான இடம்தான். யார் பார்க்கப் போகிறார்கள் என்ற நினைப்பு!

அவரைக் காட்டிக்கொடுத்தது எது தெரியுமா? ஒரு பத்திரிகை! உடல் துண்டுகளைச் சுற்றியிருந்த பேப்பர்களில் ஒன்று 1935 செப்டம்பர் 15-ந் தேதி வந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை. அதில் அந்த வட்டாரத்துக்கு மட்டும் தனியாக அச்சடித்த பக்கம் இருந்தது. வேறு ஊரில் அது விற்கவே இல்லை. போலீசார் நேராக லங்காஸ்டருக்குப் போனார்கள். மண்டை ஓட்டையும் மனைவியின் போட்டோவையும் பொருத்திப் பார்த்தார்கள். 1936 மே மாதம் ரக்ஸ்டன் தூக்கில் போடப்பட்டார்.

(வட்டாரப் பதிப்பு போடுவதில் இப்படியும் ஒரு லாபம்!)

காட்டு இலாகா ஆட்கள்

நம்ம மலைக்கு வருவோம். பஸ் வாதத்தில் ஓட்டல் அதிபர் வருவார், மனைவி வருவார், ஜோசியரும் வருவார். வராதவர்கள் சிலர் உண்டு. அவர்கள் இல்லாவிட்டால் வழக்கே இல்லை.

2001 அக்டோபர் 31-ந் தேதி காட்டுக்குள் போன வன இலாகா ஆட்கள் ஒரு பிணத்தைப் பார்த்தார்கள். அக்டோபர் கடைசி என்றால் நம் மலையில் எப்படி இருக்கும் என்று பூண்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மழை, பனி மூட்டம், அட்டைக் கடி. ஐந்து நாள் ஆன பிணம். யாருடையது என்று தெரியாது. பார்க்காதது மாதிரி நடந்து போயிருந்தால் கேட்பார் யாரும் இல்லை. அவர்கள் போலீசுக்குச் சொன்னார்கள்.

கொடைக்கானல் போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். டாக்டர் பிரேத பரிசோதனை செய்து, கழுத்து நெரிக்கப்பட்டிருக்கிறது என்று எழுதினார். உரிமை கோர ஆள் வராததால் பிணத்தைப் புதைத்தார்கள்.

அப்போது அது யார் பிணம் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. சென்னையில் பெரிய வழக்கு ஆகப் போகிறது, டெல்லி வரை போகப் போகிறது என்று யாருக்குத் தெரியும்? வெறும் அனாதைப் பிணம்! ஆனாலும் போட்டோ எடுத்தார்கள். சட்டை துணியைக் கட்டி வைத்தார்கள். எரிக்காமல் புதைத்தார்கள். எரித்திருந்தால் மண்டை ஓடு ஏது? போட்டோ பொருத்துவது ஏது? துணியைக் குப்பையில் போட்டிருந்தால் மனைவி எதைப் பார்த்து அடையாளம் சொல்வார்?

கோடிக்கணக்கில் பணம், பெரிய பெரிய வக்கீல்கள் ஒரு பக்கம். ஒரு துணி மூட்டையும் நாலு போட்டோவும் இன்னொரு பக்கம். எது ஜெயித்தது என்று வாசகர்களுக்குத் தெரியும்.

2004-ல் பூந்தமல்லி கோர்ட்டு ராஜகோபாலுக்கு 10 ஆண்டு கடுங்காவல் கொடுத்தது. ரூ.55 லட்சம் அபராதம். அதில் ரூ.50 லட்சம் ஜீவஜோதிக்கு. "பத்து வருஷம் எப்படி ஆயுள் ஆச்சு?" என்று சிலர் கேட்கிறார்கள். கீழ்க் கோர்ட்டு அதைக் கொலை ஆகாத மரணம் என்ற பிரிவில் வைத்தது. 2009 மார்ச்சில் சென்னை ஐகோர்ட்டு, இது திட்டமிட்ட கொலைதான் என்று ஆயுள் தண்டனையாக உயர்த்தியது. சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. 2019 ஜூலை 9-ந் தேதி ஆம்புலன்சில் வந்து சரண் அடைந்தார். ஜூலை 18-ந் தேதி ஆஸ்பத்திரியில் இறந்தார்.

"அவளும் சும்மாவா...?"

இந்தப் பேச்சுக்கு வருவோம். கணவன் செத்தால் மனைவி மேல் ஒரு கண். மனைவி செத்தால், அவள் நடத்தை எப்படி என்று ஒரு கேள்வி. டீக்கடையில் மட்டும் அல்ல. பத்திரிகைகளும் இந்தப் பாவத்தைச் செய்தவைதான், மாலைப் பத்திரிகைகள் கொஞ்சம் கூடவே! பெண்ணின் படத்தைப் பெரிதாகப் போட்டால் பேப்பர் விற்கும் என்பது எங்களுக்குத் தெரியாதது அல்ல.

1959-ல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதி, தன் மனைவியோடு பழகியவரைச் சுட்டுக் கொன்றார். ஒரு வாரப் பத்திரிகை அவரைக் கதாநாயகன் ஆக்கியது. ஊரே அவர் பக்கம் திரும்பியது. ஜூரிகள் 9 பேரில் 8 பேர் குற்றவாளி இல்லை என்றார்கள். நீதிபதி அதை ஏற்காமல் ஐகோர்ட்டுக்கு அனுப்ப, அங்கே ஆயுள் தண்டனை ஆயிற்று. கூட்டத்தின் ஆசை வேறு, சாட்சியம் வேறு!

இதற்கு நேர் எதிராகவும் நடந்திருக்கிறது. 1982-ல் புனேயில் கல்யாணமாகி நாலு மாதமே ஆன ஒரு பெண் சயனைடு விஷத்தில் செத்தாள். கணவனுக்கு செசன்சு கோர்ட்டு தூக்குத் தண்டனை கொடுத்தது. ஐகோர்ட்டும் சரி என்றது. 1984-ல் சுப்ரீம் கோர்ட்டு விடுதலை செய்தது. சந்தேகம் எவ்வளவு பலமாக இருந்தாலும் அது ருசு ஆகாது. நேரில் பார்த்த சாட்சி இல்லாத வழக்கில் சங்கிலியின் ஒரு கண்ணிகூட விட்டுப் போகக்கூடாது. இவன் செய்திருக்கலாம் என்பது போதாது, இவன்தான் செய்தான் என்று காட்ட வேண்டும் என்றது. சார்தா வழக்கு என்று சொன்னால் எந்த வக்கீலுக்கும் தெரியும்.

வீட்டுக்குள் இரண்டே பேர் இருந்து, விடிந்தபோது ஒருவர் பிணமாகக் கிடந்தால், என்ன நடந்தது என்று மற்றவர் சொல்லத்தான் வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அவர் சொன்னது நம்பும்படி இல்லாவிட்டால் அது அவருக்கு எதிராகத் திரும்பும். ஆனால் முதலில் கொலை என்று நிரூபிக்கிற பாரம் போலீஸ் தலையில்தான். புருஷன் அழவில்லை, பெண்டாட்டி பூ வைத்திருந்தாள் என்பதெல்லாம் ருசு அல்ல.

ஜீவஜோதி விஷயத்தில் ஊர் கேட்காத கேள்வி இல்லை. அதற்கு எல்லாம் ஒரே பதில் அக்டோபர் 12-ந் தேதிப் புகார். கணவன் உயிரோடு இருந்தபோதே போலீசுக்குப் போனவள் அவள். பிறகு 18 வருஷம் கோர்ட்டு கோர்ட்டாக அந்த வழக்கு நடந்தது. "சும்மாவா இருந்திருப்பா?" என்று கேட்கிறவர், சும்மா இல்லாமல்தான் இருந்தாள் என்று தெரிந்துகொள்ளட்டும்.

என்ன செய்ய வேண்டும்?

நம் மலையில் பள்ளத்தாக்குக்குக் குறைவு இல்லை. லாட்ஜுகளுக்கும் குறைவு இல்லை. வெளியூர்க்காரர்கள் வந்து போகிற ஊர். கொன்றுவிட்டுத் தள்ளிவிட்டால் தற்கொலை என்று எழுதிவிடுவார்கள், அனாதைப் பிணம் என்று புதைத்துவிடுவார்கள் என்று கணக்குப் போடுகிறவன் எங்கேயும் இருப்பான். அவன் கணக்கு தப்ப வேண்டும்.

ஆகவே அதிகாரிகளுக்கு நாம் சொல்வது இது. மலையில் கிடைக்கும் ஆள் அடையாளம் தெரியாத ஒவ்வொரு பிணத்துக்கும், புதைப்பதற்கு முன்பே டி.என்.ஏ. சோதனைக்குப் பல்லோ எலும்போ எடுத்து வைக்க வேண்டும். 2001-ல் இது பெரிய காரியமாக இருந்திருக்கலாம். இன்றைக்கு அப்படி இல்லை. போட்டோவை எல்லா மாவட்ட போலீஸ் நிலையங்களுக்கும் அன்றே அனுப்ப வேண்டும். எரிக்கக் கூடாது. துணிமணிகளை எலி கடிக்காத இடத்தில் வைக்க வேண்டும். (சில ஸ்டேஷன் அறைகளைப் பார்த்தவர்களுக்கு இதை ஏன் சொல்கிறோம் என்று புரியும்.)

இன்னொன்று சாட்சிகள். பூண்டியில் இருக்கிற ஒருவர் திண்டுக்கல் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும் என்றால் முதல் நாளே கிளம்ப வேண்டும். பூண்டு பிடுங்குகிற நேரமாக இருந்தால் கூலி போச்சு, ஆள் போச்சு. கோர்ட்டில் போய் உட்கார்ந்தால், "இன்றைக்கு வாய்தா, அடுத்த மாதம் வா" என்பார்கள். இப்படி நாலு தடவை அலைந்தவர் ஐந்தாம் தடவை காட்டில் பிணத்தைப் பார்த்தால் போலீசுக்குச் சொல்வாரா? சாட்சிப் படியைக் கௌரவமாகக் கொடுக்க வேண்டும். மலையிலிருந்து வருகிற சாட்சியை வந்த அன்றே விசாரித்து அனுப்ப வேண்டும். மிரட்டலுக்குப் பயப்படுகிற சாட்சிக்குப் பாதுகாப்புக் கொடுக்க 2018-ல் சுப்ரீம் கோர்ட்டே ஒரு திட்டத்தை ஏற்று உத்தரவு போட்டிருக்கிறது. அப்படி ஒன்று இருப்பது கிளாவரையிலும் பூண்டியிலும் எத்தனை பேருக்குத் தெரியும்? போலீஸ் நிலைய வாசலில் தமிழில் ஒரு போர்டு எழுதி மாட்டினால் என்ன?

எல்லாவற்றுக்கும் மேல் அந்த ஆறு நாள். கடத்திக்கொண்டு போய் மிரட்டினார்கள் என்று ஒரு தம்பதி புகார் கொடுத்தால், அன்று ராத்திரியே அவர்கள் வீட்டு வாசலில் ஒரு போலீஸ்காரர் நிற்க வேண்டும்.