இருப்புப்பாதை வழியே: கடரா ரோடு

சென்ற சில திங்களாக இப்பகுதியில் பெரிய சந்திப்பு நிலையங்களைப் பற்றியே எழுதி வந்தோம். கூட்டமும் ஆரவாரமும் மிகுந்த அவ்விடங்களை நம் அன்பர்களில் பலர் நேரிலும் கண்டிருப்பர். இத்திங்கள், வரைபடத்தில் தேடினாலும் எளிதில் கண்ணில் படாத ஒரு சிற்றூருக்கு அன்பர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம். இராஜஸ்தானத்தில், பார்மேர் மாவட்டத்தில், தார்ப் பாலைவன மணலில் உள்ளது அவ்வூர். அதன் பெயர் கடரா ரோடு.

பெயரிலிருந்தே தொடங்குவோம். ரயில்வே வழக்கில் ஒரு நிலையத்தின் பெயரோடு 'ரோடு' என்ற சொல் சேர்ந்திருந்தால், ஊர் சற்றுத் தொலைவில் இருக்கிறது, இங்கே இறங்கிச் சாலை வழியாகச் செல்ல வேண்டும் என்பது பொருள். நம் வாலாஜா ரோடும் கொடைக்கானல் ரோடும் இவ்வாறு பெயர் பெற்றவையே. கொடைக்கானல் ரோட்டில் இறங்கியவர் மலையேறிக் கொடைக்கானலை அடைவார். கடரா ரோட்டில் இறங்கியவரோ கடராவுக்குப் போக இயலாது. கடரா என்னும் ஊர் பாகிஸ்தானத்தில் இருக்கிறது. அதன் பெயரைத் தாங்கிய நிலையம் இந்தியாவில் இருக்கிறது.

இந்த விந்தை நேர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். ஜோத்பூர் சமஸ்தானம் தன் செலவில் மீட்டர் கேஜ் பாதை ஒன்றை அமைத்தது. 1882-ஆம் ஆண்டில், இன்று மார்வார் சந்திப்பு எனப்படும் இடத்திலிருந்து பாலி நகர் வரை முதல் வண்டி ஓடிற்று. 1885-இல் பாதை ஜோத்பூரை எட்டியது. 1887-இல் ஒரு கிளை பச்பத்ரா உப்பளத்தை அடைந்தது. உப்புக்காகப் போடப்பட்ட அந்தப் பாதையே பின்னர் மேற்கு நோக்கி நீண்டு, பார்மேரைக் கடந்து, மணல் மேடுகளை ஊடறுத்து, சிந்து மாகாணத்துக்குள் புகுந்தது. 1901-ஆம் ஆண்டளவில் ஜோத்பூரிலிருந்து சிந்துவில் உள்ள ஹைதராபாத் வரை ஒரே மீட்டர் கேஜ் பாதையில் செல்ல முடிந்தது. அங்கிருந்து கராச்சித் துறைமுகம் தொலைவன்று.

அந்நாளில் ஜோத்பூர் எல்லையும் சிந்து எல்லையும் வரைபடத்தில் ஒரு கோடு மட்டுமே. கடரா சந்தை ஊர் சிந்துவின் பக்கம் இருந்தது. ரயில் நிலையம் சமஸ்தானத்தின் பக்கம் அமைந்தது. இடையே நடந்து போகும் தொலைவுதான். 1947-இல் அந்தக் கோடே இரு நாடுகளின் எல்லையாயிற்று. சிந்துவிலிருந்து வீடு வாசலை விட்டுப் புறப்பட்ட இந்துக் குடும்பங்கள் பல இப்பாதை வழியே கிழக்கே வந்தன. இங்கிருந்து முஸ்லிம் குடும்பங்கள் பல இதே வழியே மேற்கே சென்றன. அதன் பின்னும் வண்டி நிற்கவில்லை. எல்லையில் இந்தியப் பக்கத்தின் கடைசி நிலையம் முனாபாவ். பாகிஸ்தான் பக்கத்தின் முதல் நிலையம் கோக்ராபார். இவற்றினூடே 1965 வரை போக்குவரத்து நடந்தது.

பாலையில் நிலையம் ஒன்றை நடத்துவது எளிய காரியம் அன்று. பார்மேர்ப் பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 250 முதல் 300 மில்லிமீட்டர். சென்னையில் கார்த்திகையில் ஓரிரு நாள் பெய்யும் அடைமழைக்கு ஒப்பு. கிணறு தோண்டினாலும் பல இடங்களில் உப்பு நீரே கிடைக்கும். நீராவி எஞ்சினுக்கோ நல்ல நீர் வேண்டும். உப்பு நீர் கொதிகலனைக் கெடுத்துவிடும். ஆகவே எஞ்சினுக்கும் ஊழியர் குடும்பங்களுக்கும் தொட்டி வண்டிகளில் நீர் கொண்டு செல்லும் வழக்கம் பாலைவனப் பாதைகளில் உண்டாயிற்று. வண்டி வந்தால் கடிதம் வரும், மாவு வரும், தண்ணீரும் வரும். குடத்தோடு பெண்கள் பிளாட்பாரத்தை நோக்கி நடக்கும் ஊரில் கால அட்டவணைக்கு உள்ள மதிப்பு நகரத்தில் இராது.

கோடையில் காற்று எழுந்தால் மணல் பறந்து வந்து தண்டவாளத்தை மூடும். முன்னிரவில் தெளிவாக இருந்த பாதை விடியலில் மேடாகியிருக்கும். கேங்மேன்கள் மண்வெட்டியோடு முன்சென்று மணலை வாரி ஒதுக்கிய பின்னரே வண்டி நகரும். ஓடும் மணலைச் செடி நட்டுக் கட்டிப்போடும் முறைகளை ஆராய ஜோத்பூரில் 1952-இலேயே ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. 1959 முதல் அது மத்திய வறண்ட நில ஆராய்ச்சி நிலையமாகத் தொண்டாற்றி வருகிறது.

இம்மண்ணில் வாழும் மக்கள் நீரைப் பொன்போல் போற்றுகின்றனர். வீட்டு முற்றத்தில் 'டாங்கா' என்னும் நிலத்தடித் தொட்டியை அமைத்து, சுற்றிலும் தரையைச் சரிவாக மெழுகி, பெய்கிற சில தூறல்களையும் அதற்குள் இறக்கி, மூடி வைக்கின்றனர். உணவு கம்பு ரொட்டியும் மோரும். கறிக்குக் கேஜ்ரி மரத்தின் காயை உலர்த்தி வைத்துக்கொள்கின்றனர். கேஜ்ரி என்றதும் ஏதோ அறியாத மரம் என்று அன்பர்கள் எண்ண வேண்டா. நம் கோயில்களில் தல விருட்சமாக நின்று, விஜயதசமியன்று பூசை பெறும் வன்னி மரமே அது. நாம் வலம் வந்து வணங்கும் மரம் அங்கே ஆட்டுக்குத் தழையும், மனிதருக்குக் காயும், பயிருக்கு உரமும் நிழலும் தருகிறது.

இனி, இவ்வூரின் பெயர் ரயில்வே ஊழியர் நெஞ்சில் நிலைத்த காரணத்தைக் கூறுவோம். 1965 செப்டம்பரில் போர் மூண்டது. நம் படை எல்லை கடந்து கடரா ஊரைக் கைப்பற்றியது. முன்னணிக்கு உணவும் தளவாடமும் செல்ல வேண்டுமானால் இந்த ஒற்றைப் பாதை ஒன்றே வழி. பகைவரின் விமானங்கள் இதன் மீது குண்டு வீசின. பாதையைச் செப்பனிடவும் படைக்கு வேண்டியவற்றைக் கொண்டு சேர்க்கவும் முனைந்த ரயில்வே ஊழியர் 17 பேர் அங்கே உயிர் நீத்தனர். கையில் ஆயுதம் ஏந்தியவர் அல்லர் அவர்கள். மாதச் சம்பளம் வாங்கி, வருகைப் பதிவேட்டில் பெயர் இட்டு, நம்மைப் போலவே மாற்றல் உத்தரவுக்கும் விடுமுறைக்கும் காத்திருந்தவர்கள். கடரா ரோட்டில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் உண்டு. ஆண்டுதோறும் செப்டம்பர் 9-ஆம் நாள் ரயில்வே தொழிலாளர் அங்குக் கூடி மலர் சார்த்துகின்றனர். போர் வீரருக்குச் சிலை வைத்த ஊர்கள் நாட்டில் பல. பாதையைத் திறந்து வைக்கும் கடமைக்காக மாண்டவர்களை ஆண்டுதோறும் நினைக்கும் ஊர்கள் சிலவே.

அப்போரில் முனாபாவ் நிலையம் சில காலம் பாகிஸ்தானியர் வசம் இருந்து, தாஷ்கண்ட் உடன்படிக்கைக்குப் பின் மீண்டது. எல்லை தாண்டும் வண்டி மட்டும் மீளவில்லை. நாற்பதாண்டுகளுக்கு மேல் தண்டவாளம் எல்லையில் முடிந்து நின்றது. இடையே பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்டது. 2006 பிப்ரவரி 18 அன்று 'தார் எக்ஸ்பிரஸ்' என்ற பெயரில் வண்டி மீண்டும் எல்லை கடந்தது. ஜோத்பூரை அடுத்த பகத் கீ கோட்டியிலிருந்து வாரம் ஒருமுறை புறப்படும். எல்லையில் பயணிகள் வண்டி மாறிக் கராச்சி செல்வர். அதே ஆண்டு ஆகஸ்டில் பாலைவனத்தில் பெருவெள்ளம் வந்தது. ஓராண்டு மழைக்கு மேல் சில நாட்களிலேயே கொட்டியது. மணலுக்கு அடியில் ஜிப்ஸப் படலம் இருந்ததால் நீர் கீழே இறங்கவில்லை. பார்மேரை அடுத்த கவாஸ் போன்ற சிற்றூர்கள் வாரக்கணக்கில் நீருள் கிடந்தன. பாதையை வெள்ளம் அரித்ததால் எல்லை வண்டியும் சில மாதங்கள் நின்றது. தண்ணீர் இன்மையால் வருந்திய பாதையைத் தண்ணீரே உடைத்தது.

பின்னர் ஓடிய வண்டி 2019 ஆகஸ்டில், இரு நாடுகளின் உறவு முறிந்தபோது, மீண்டும் நின்றது.

அதனால் இழந்தவர் யார் என்பதை அன்பர்கள் அறிய வேண்டும். அக்பர் பிறந்த உமர்கோட்டிலும் தார்ப்பார்க்கரிலும் சோடா என்னும் இராஜபுத்திரக் குலத்தார் வாழ்கின்றனர். பங்காளி வீட்டில் நாம் பெண் எடுப்பதில்லை அல்லவா? அவர்களும் தம் குலத்துக்குள் மணம் செய்வதில்லை. பெண் எடுக்கவும் கொடுக்கவும் இராஜஸ்தானத்துக்கு வருவதே தலைமுறை வழக்கம். இரு பக்கமும் பேச்சு தாட்கி மொழி. பாட்டு மாங்கணியாரின் கமாய்ச்சா இசை. வண்டி ஓடிய 13 ஆண்டுகளில் மணமகள் மறு நாளே புக்ககம் சேரலாம். வண்டி நின்றபின், 2019-இல் மணமுடித்த சிலர் மனைவியை அழைத்துவர 2021 வரை காத்திருந்து, பஞ்சாபின் அட்டாரி வழியே நெடுந்தூரம் சுற்றி வந்தனர். 2025 ஏப்ரலில் அட்டாரி வாயிலும் மூடப்பட்டது. அரசுகள் எடுக்கும் முடிவுகளுக்குக் காரணங்கள் இருக்கும். குற்றம் யாருடையது என்று வழக்காடும் இடம் இதுவன்று. ஆயினும் தாய் வீட்டுக்கு ஒரு முறை போய்வர விரும்பும் பெண்ணுக்கு எந்தக் காரணத்தைச் சொல்லி ஆறுதல் கூறுவது?

நம் தமிழகத்திற்கும் இவ்வேதனை புதிதன்று. போட் மெயிலில் தனுஷ்கோடி சென்று, கப்பலேறித் தலைமன்னார் சேர்ந்தவர்கள் நம் முன்னோர். 1964 டிசம்பர் புயல், பயணிகளோடு ஒரு வண்டியையும், ஊரையும், பாதையையும் கடலுக்குள் இழுத்துக்கொண்டது. பின் இராமேசுவரத்திலிருந்து சில காலம் கப்பல் போயிற்று, அதுவும் நின்றது. கடலால் முடிந்தது தனுஷ்கோடி. ஓராண்டுக்குள், போரால் முடிந்தது முனாபாவ். அங்கே மணல், இங்கே மணல்; இரண்டிலும் அக்கரைக்குப் போன தண்டவாளம்.

வெளியூரில் பிழைக்கும் நாம், கோடை விடுமுறைக்கு ஊர் செல்ல டிக்கட்டுக் கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்கிறோம். அலுத்துக்கொள்வதற்கு ஒரு வண்டி இருப்பதே பேறு என்பதைக் கடரா ரோடு நமக்குச் சொல்கிறது. அந்த வண்டி ஓட மழையிலும் மணலிலும் பாதை காப்பவர்களை நம் குழந்தைகளுக்குச் சுட்டிக்காட்டுங்கள். கொடியசைத்து நிற்கும் கேங்மேனுக்கு அவர்கள் சன்னலிலிருந்து கையசைக்கட்டும்.

ஜோத்பூர்ப் பக்கம் செல்லும் அன்பர்கள் பார்மேர் வழியாக அந்நினைவுச் சின்னத்தைக் கண்டு வரலாம். எல்லைப் பகுதியாதலால், முன்னதாக விதிகளை விசாரித்துக்கொண்டு செல்லுதல் நலம்.

ஒரு வேண்டுகோள். தனுஷ்கோடி வழியே இலங்கை சென்று வந்த பெரியவர்கள் எவரேனும் தங்கள் இல்லத்தில் இருப்பின், அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதிச் சங்க முகவரிக்கு அனுப்புங்கள். அறுபதாண்டுகள் கடந்துவிட்டன, இனியும் தாமதித்தல் தகாது. வரும் மடல்களைக் கொண்டே அடுத்த திங்கள் இப்பகுதியை நிறைக்க எண்ணியுள்ளோம்.