குடல் புற்றுநோய்: நாட்டுக்கு நாடு ஏன் இந்த இடைவெளி?

மலத்தோடு இரத்தம் போனால் தருமபுரிப் பக்கத்தில் நாம் முதலில் சொல்லும் பெயர் 'மூலம்'. 'மூலம், பவுத்திரம் ஆபரேஷன் இன்றிக் குணமாகும்' என்ற சுவர் விளம்பரங்களைப் பார்த்துப் பழகிய கண்கள் நம்முடையவை. பெரும்பாலும் அது மூலமாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் சிலருக்கு அது பெருங்குடலிலோ மலக்குடலிலோ வளரும் புற்றுநோயின் முதல் அறிகுறி. அந்தச் சிலர் பிழைப்பார்களா என்பது அவர்கள் எந்த நாட்டில் வாழ்கிறார்கள் என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது.

2018ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் 'கான்கார்ட்-3' என்ற ஆய்வு வெளியானது. 71 நாடுகளில் 2000 முதல் 2014 வரை புற்றுநோய் கண்டறியப்பட்ட 3 கோடியே 75 லட்சம் பேரின் பதிவுகளை அது ஆராய்ந்தது. பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டு 5 ஆண்டுகள் கடந்தும் உயிரோடிருப்பவர்கள் தென்கொரியா, ஆஸ்திரேலியா, இஸ்ரயேல், ஜோர்டான் ஆகிய நாடுகளில் 100க்கு 70 பேர் அல்லது அதற்கும் மேல். இந்தியாவில் ஏறக்குறைய 40 பேர். வேறு காரணங்களால் நேரும் மரணங்களைக் கழித்துப் பார்த்த கணக்கு இது.

இதில் ஒரு முரண் உண்டு. இந்த நோய் நம் நாட்டில் குறைவு. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஏறக்குறைய 5 பேருக்கே வருகிறது. டென்மார்க்கில் 40ஐத் தாண்டுகிறது. அங்கே அதிகம் பேருக்கு வருகிறது, பலர் பிழைக்கிறார்கள். இங்கே சிலருக்கே வருகிறது, அந்தச் சிலரிலும் பலர் இறக்கிறார்கள்.

எண்களை அப்படியே நம்பிவிடவும் கூடாது. மேலை நாடுகளில் புற்றுநோய்ப் பதிவேடும் இறப்புப் பதிவேடும் தாமாகவே இணைகின்றன. சென்னையில் 1980களில் தொடங்கிய பதிவேட்டின் பணியாளர்களோ நோயாளி உயிரோடு இருக்கிறாரா என்றறியக் கடிதம் எழுதினார்கள், வீடு தேடிப் போனார்கள். 2012 முதல் தமிழகம் முழுவதற்குமான பதிவேட்டுத் திட்டம் நடைபெறுகிறது. மேலும், நோயை முன்னதாகவே கண்டுபிடித்தால், மரண நாள் மாறாவிட்டாலும் 'பிழைத்திருந்த ஆண்டுகள்' கணக்கில் கூடித் தெரியும். இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் 70க்கும் 40க்கும் உள்ள தூரம் முழுவதும் மறைந்துவிடாது.

தென்கொரியாவைப் பாருங்கள். 2004 முதல் 50 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுதோறும் மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2006 முதல் சோதனைப் பெட்டி தபாலிலேயே வீட்டுக்கு வருகிறது. இந்தியாவில் 2016இல் மத்திய அரசு வகுத்த பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களே இடம்பெற்றன. இந்த நோய் குறைவாக உள்ள நாட்டில் எல்லாருக்கும் குடல் சோதனை நடத்துவது வீண் செலவு என்ற வாதம் நியாயமானதே. அப்படியானால் அறிகுறி தெரிந்தவர்களையாவது காலம் தாழ்த்தாமல் சோதிக்க வேண்டுமல்லவா? அதுவும் நடப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம். 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் நம் பக்கத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அது முதலில் தேடியது இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும். நமது பங்குகளில் நடக்கும் மருத்துவ முகாம்களும் பெரும்பாலும் இந்த இரண்டோடு நின்றுவிடுகின்றன.

நோய் திரும்பி வருவது பற்றி நாடுகளை ஒப்பிடுவது இன்னும் கடினம். பெரும்பாலான பதிவேடுகள் புதிய நோயையும் மரணத்தையும் குறிக்கின்றனவே தவிர, திரும்பி வந்த நோயைக் குறிப்பதில்லை. டென்மார்க் விதிவிலக்கு. அறுவை சிகிச்சை பெற்றவர்களை நாடு முழுவதும் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2024இல் வெளியானது. மூன்றாம் கட்டப் பெருங்குடல் புற்றுநோயில் 5 ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியவர்கள் 2004–2008 காலத்தில் 100க்கு 35 பேர். 2014–2019 காலத்தில் 25 பேர். முதல் கட்டத்தில் அது 16இலிருந்து 7ஆகக் குறைந்தது. புதுமருந்து ஒன்றின் அற்புதம் அல்ல இது. நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்பதை முன்கூட்டியே நன்கு படம் எடுத்துப் பார்ப்பது, அறுவையைத் துல்லியமாகச் செய்வது, தேவையானவர்களுக்கு மருந்துச் சிகிச்சையை முறையாகக் கொடுப்பது போன்ற பல சிறு திருத்தங்கள் ஒன்றுசேர்ந்த பலன்.

நம்மவர் கதை இங்கேதான் வேறுபடுகிறது. பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ ஒருவர் அடையாறுக்கும் வேலூருக்கும் பெங்களூருக்கும் போய் அறுவை செய்துகொள்கிறார். காப்பீட்டு அட்டை சிகிச்சைச் செலவைத் தாங்கினாலும், பேருந்துக் கட்டணத்தையும் உடன் வருபவர் இழக்கும் கூலியையும் யார் தாங்குவது? கட்டட வேலைக்கு வெளியூர் போகும் குடும்பங்களுக்கு மறுபரிசோதனைத் தேதி நினைவில் நிற்பதும் கடினம். திரும்பி வரும் நோய் பெரும்பாலும் முதல் 3 ஆண்டுகளுக்குள் வருகிறது. இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் அப்போதுதான் மிகத் தேவை. 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று நாம் போகாமல் விடுவதும் அப்போதுதான்.

வயிற்றில் பை வைப்பார்கள் என்ற பயமும் உண்டு. மலக்குடலின் கீழ்ப்பகுதியில் நோய் இருந்தால் சில வேளைகளில் அது தேவைப்படும். பலருக்கு அது தற்காலிகமே. ஆனால் 'பை' என்ற சொல்லைக் கேட்டதுமே அறுவையை மறுத்து நாட்டு வைத்தியத்துக்குத் திரும்பியவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. குடிசையில் தண்ணீரும் தனிக் கழிப்பறையும் இல்லாதவருக்கு அந்தப் பை என்ன பொருள் தரும் என்பதை மருத்துவமனையில் யாரும் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள்.

வயதும் கவனிக்கத்தக்கது. மேலை நாடுகளில் இது பெரும்பாலும் முதியோர் நோய். நம் நாட்டு மருத்துவமனைகளிலோ 50 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் கணிசமாக வருகிறார்கள். பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் வயது அது. 'இந்த வயதில் புற்றுநோயா?' என்று மருத்துவரே சந்தேகிக்காமல் மூல மருந்து எழுதித் தந்துவிடலாம்.

மலக்குடலில் வளரும் கட்டிகள் பலவற்றை, கையுறை அணிந்த விரலால் மருத்துவர் தொட்டே அறிய முடியும். கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், ஒரு நிமிடம் போதும். மூல மருந்து தின்றும் இரத்தம் நிற்கவில்லை என்றால், மலம் போகும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருந்தால், காரணமின்றிச் சோகையோ எடைக் குறைவோ தெரிந்தால், அந்த ஒரு நிமிடச் சோதனையையும், பிறகு தேவையானால் குடலுள்நோக்கிச் சோதனையையும் நாமே வாய் திறந்து கேட்கலாம். வெட்கம் நமக்குத்தான், மருத்துவருக்கு அது அன்றாட வேலை.