மலையேற்றத்தில் குழு பிரியாமை

மைசூரின் சாமுண்டி மலையில் ஏறக்குறைய ஆயிரம் படிகள் உள்ளன. அவற்றில் ஏறும் மாணவர் கூட்டம் சிறிது நேரத்திற்குள் நீண்ட வரிசையாகச் சிதறிவிடுவதை ஆசிரியர் பலரும் கண்டிருப்பர். வலுவுள்ளோர் உச்சியை அடையும் பொழுது, மற்றையோர் நந்திச் சிலையருகே இளைப்பாறுவர். அங்கு இதனால் பெருந்தீங்கு இல்லை. ஆனால், இப்பழக்கமே உயர்மலைக்குக் கொண்டு செல்லப்படின் உயிருக்கு இறுதியாகலாம்.

2024 ஜூன் தொடக்கத்தில், உத்தரகாண்டத்தின் சகஸ்திர தால் ஏரிப் பாதையில், 4,000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், 22 பேர் கொண்ட குழு ஒன்று பனிப்புயலில் அகப்பட்டது. அவர்களுட் பெரும்பாலோர் கர்நாடகத்தினர். ஒன்பது பேர் மாண்டனர், பதின்மூவர் மீட்கப்பட்டனர். அத்தகைய புயல் தேர்ந்த குழுவையும் வருத்தவல்லது. ஆயினும், அந்நிலையில் மனிதருக்கு நேர்வது யாது என்பதை அறிதல் கடமையாகும்.

ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்திற்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. வீசும் காற்று உடலையொட்டிய வெப்பப் படலத்தை அகற்றிவிடுகிறது. நீர், அசைவற்ற காற்றைக் காட்டிலும் சுமார் 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால், நனைந்த ஆடை காப்பாக அமைவதில்லை. உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் நடை தடுமாறும், பேச்சுக் குழறும், தெளிவாகச் சிந்திக்கும் ஆற்றல் மங்கும். இங்கேயே பெரும் ஆபத்து உள்ளது. குளிரால் தாக்குண்டவன் தன் நிலையைத் தானே உணர்வதில்லை. அவனுக்காக உணரவேண்டியவர் அருகில் நடப்பவரே. ஆதலின் குழு பிரியாதிருத்தல் வெறும் ஒழுங்கு விதியன்று, உயிர்காக்கும் கருவியாகும்.

இதற்கு உறைபனி வேண்டுவதில்லை. குடகின் உயர்ந்த சிகரமான தடியாண்டமோல் 1,748 மீட்டர் உயரமே உடையது. எனினும், தென்மேற்குப் பருவமழையில் மழையும் காற்றும் மூடுபனியும் அங்கு ஒருங்கே கூடும்.

வலுவுள்ளோர் முன்சென்று உதவி கொணர்தல் நன்றன்றோ எனச் சிலர் வினவுவர். சில வேளைகளில் அது வேண்டுவதே. ஆனால், அது தலைவரின் தீர்மானமாக இருத்தல் வேண்டும். வழியறிந்த இருவராவது சேர்ந்து செல்லுதல் வேண்டும். எஞ்சியோர் ஓரிடத்தில் காற்றுக்கு மறைவாக நெருங்கியிருத்தல் வேண்டும். பொறுமையிழந்தோர் ஒவ்வொருவராக முன்செல்வது உதவியன்று, சிதறலே.

எனவே மாணவரை அழைத்துச் செல்வோர் சில விதிகளை வழக்கமாக்கிக் கொள்ளுதல் நலம். மெதுவாக நடப்பவரின் வேகமே குழுவின் வேகமாகட்டும். அனுபவமுள்ள ஒருவர் எப்பொழுதும் கடைசியில் வரட்டும். பாதை பிரியுமிடந்தோறும் தலைகளை எண்ணுக. ஒவ்வொருவரும் ஒரு துணையுடன் பிணைக்கப்படுக. திரும்பவேண்டிய நேரத்தைப் புறப்படுமுன்னரே வரையறுத்து, உச்சி கண்முன் நின்றாலும் அந்நேரத்தில் திரும்புக.

இவ்விதிகளைப் புயலின் நடுவே கற்பிக்க இயலாது. சாமுண்டி மலைப் படிகளில், இளவெயிலில், அனைவரும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும் பயிற்சியே அதற்குத் தக்க தொடக்கம். எல்லோருக்கும் முன்னே உச்சியை அடைந்த மாணவனைப் பாராட்டுவதினும், பின்தங்கிய தோழனுடன் நின்று வந்தவனை ஆசிரியர் முதலில் பாராட்டுதல் தகும்.