பாட்டுத் தொழிலாளியின் யந்திரத்தைப் பூட்டுவது யார்?

ராத்திரி பாட்டு ஓடியது. காலையில் ஓடவில்லை. நடுவில் நடந்தது என்ன? கம்ப்யூட்டர் தன்னைப் புதுப்பித்துக் கொண்டது. அவ்வளவுதான்!

இது பட்டணத்துப் பிரச்னை, வசதி படைத்த வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்குச் சங்கதி என்று நினைக்கும் தோழர்கள் உண்டு. அவர்கள் அரியலூர் மாவட்டத்து வரதராஜன்பேட்டையை நினைத்துப் பார்க்க வேண்டும். முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் ஊர். மாதா கோயில் திருவிழாவா, பாட்டு வேண்டும். கல்யாணமா, பாட்டு வேண்டும். தேர்தல் வந்துவிட்டாலோ எல்லாக் கட்சிகளுக்கும் பாட்டு வேண்டும், நமக்கும் வேண்டும். அந்தப் பாட்டை இன்று செய்கிறவர்கள் யார்? ஒரு காலத்தில் பத்துப் பதினைந்து பேர் வாத்தியங்களோடு உட்கார்ந்து செய்த வேலையை, இன்று ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் போன்ற சிற்றூர்களில் ஓர் அறைக்குள் ஒருவரோ இருவரோ கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு செய்கிறார்கள். கம்ப்யூட்டர் பெரும்பாலும் தவணையில் வாங்கியது. அறைக்கு வாடகை. வேலை வந்தால் காசு, வராவிட்டால் கடன்.

இவர்களைத் தொழிலாளி என்பதா, முதலாளி என்பதா? கருவி சொந்தமாக இருப்பதாலேயே ஒருவன் முதலாளியாகிவிட மாட்டான். தறி சொந்தமாக இருந்தும் உடையார்பாளையத்து நெசவாளி முதலாளி ஆகிவிட்டானா?

தறியைப் பற்றிப் பேச்சு வந்ததால் அதிலிருந்தே விஷயத்தைச் சொல்லிவிடுவோம். தறியில் பூவேலை எடுக்க ஜக்கார்டு பெட்டியை மேலே மாட்டுகிறோம். தறி ஒன்று, பெட்டி வேறொன்று. பாட்டுத் தயாரிப்பிலும் அப்படித்தான். க்யூபேஸ், லாஜிக், எஃப்.எல். ஸ்டூடியோ, ஏபில்டன் லைவ் என்பவையெல்லாம் தறிகள். அவற்றில் மாட்டிக்கொள்ளும் சிறு மென்பொருள்களுக்குப் பெயர் பிளகின். ஒன்று நாதஸ்வர ஒலி தரும்; ஒன்று பாடகர் குரலைச் சீர்செய்யும்; ஒன்று மண்டபத்து எதிரொலியை உண்டாக்கும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக் கம்பெனியான ஸ்டைன்பர்க் 1996இல் வி.எஸ்.டி. என்ற பொருத்துமுறையைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகுதான் யார் செய்த பெட்டியையும் யாருடைய தறியிலும் மாட்டலாம் என்ற நிலை பரவியது. நல்ல காரியம். மறுக்கவில்லை.

ஆனால் இன்று அந்த இளைஞனின் தலைக்கு மேல் எத்தனை எஜமானர்கள் தெரியுமா? கம்ப்யூட்டரின் இயங்குதளம் ஒரு கம்பெனியுடையது. தறி இன்னொரு கம்பெனியுடையது. பிளகின் மூன்றாவது கம்பெனியுடையது. பிளகினுக்குப் பூட்டுப் போட்டுக் காவல் காக்க நாலாவதாக ஒரு கம்பெனி! யந்திரம் நின்றால் முதலாமவன் மூன்றாமவனைக் கேள் என்பான். மூன்றாமவன் நாலாமவனைக் கைகாட்டுவான். நட்டம் மட்டும் ஐந்தாவதாக நிற்கிற உழைப்பாளிக்கு.

கற்பனையாகச் சொல்லவில்லை. 2024 மார்ச் 7ஆம் தேதி ஆப்பிள் கம்பெனி மேக் கம்ப்யூட்டர்களுக்கு 14.4 என்ற புதுப்பிப்பை வெளியிட்டது. போட்டுக்கொண்டவர்களில் பலருக்கு, ஆப்பிளின் சொந்தச் சில்லு வைத்த யந்திரங்களில், ஐலாக் என்ற பூட்டு போட்ட பிளகின்கள் திறக்கவில்லை. சிலருக்குத் தாய் மென்பொருளே விழுந்தது. அதே மாதம் 25ஆம் தேதி 14.4.1 வந்தது. தொழில்முறை இசை மென்பொருள்களுக்கான பிளகின்கள் திறக்காத கோளாறு சரிசெய்யப்பட்டது என்று அதன் குறிப்பில் ஆப்பிளே எழுதியது. நடுவில் 18 நாட்கள்! அந்த 18 நாளில் திருவிழாப் பாட்டுக்கு முன்பணம் வாங்கியவன் என்ன பதில் சொல்லியிருப்பான்? பிழை கம்பெனியுடையது, நாள்கூலி அவனுடையது. இதற்கு ஈட்டுத்தொகை கேட்க இன்றுவரை வழியில்லை.

அது தவறுதலாக நேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். தெரிந்தே செய்வதும் உண்டு. 2019 அக்டோபர் 7ஆம் தேதி வந்த ‘கேட்டலினா’ என்ற மேக் பதிப்பு, 32 பிட் மென்பொருள்களை அடியோடு நிறுத்திவிட்டது. பழைய பிளகின் எத்தனை நன்றாக உழைத்தாலும் சரி, வேலையில்லை, போ! ஆப்பிள் முன்கூட்டியே எச்சரித்தது உண்மை. ஆனால் செய்த கம்பெனி மூடிப் போயிருந்தால் அந்தப் பிளகினுக்கு 64 பிட் வடிவத்தை யார் தருவது? அடுத்த ஆண்டே சில்லு மாறியது. பழைய இன்டெல் மென்பொருளை ஓட்ட ‘ரொசெட்டா’ என்ற இடைத்தரகு ஏற்பாட்டைத் தந்தார்கள். அதுவும் 27ஆம் பதிப்பு வரைதான் முழுமையாக இருக்கும் என்று 2025 ஜூனில் அறிவித்துவிட்டார்கள். விண்டோஸ் பக்கம் மட்டும் பாலும் தேனும் ஓடுகிறதா? 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கு ஆதரவை நிறுத்தினார்கள். பதினொன்றுக்கு மாறலாம் என்றால், நல்ல நிலையில் உழைத்துக்கொண்டிருக்கிற பழைய கம்ப்யூட்டர்கள் எத்தனையோ அதற்குத் தகுதியில்லையாம்!

சரி, யந்திரம் நின்றுவிட்டது. தோழர் என்ன செய்வது?

முதலில், கைக்கு அகப்பட்டதையெல்லாம் அழித்துத் திரும்பப் போடுகிற வேலை வேண்டாம். அதனால் கெட்டவை அதிகம். பாட்டுக் கோப்புகளை வேறொரு தட்டில் நகலெடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். பிளகின் பட்டியலில் இல்லையா, அல்லது பட்டியலில் இருந்தும் திறக்கவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய்.

பட்டியலிலேயே இல்லையென்றால், தாய் மென்பொருள் அதைச் சோதித்துப் பார்த்து ‘ஆகாதது’ என்று ஒதுக்கி வைத்திருக்கலாம். பிளகின் மேலாளர் பகுதியில் அந்த விலக்குப் பட்டியல் இருக்கும். அதை நீக்கி மறுபடி தேடச் சொல்ல வேண்டும். மேக் என்றால், ஆடியோ யூனிட் நினைவுச் சேமிப்பை அழித்துவிட்டுக் கம்ப்யூட்டரை மூடித் திறந்தாலே பாதி வழக்குகள் தீரும். விண்டோஸில் வி.எஸ்.டி. 3 பிளகின்கள் வழக்கமாக இருக்கும் இடம் இதுதான்: புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் காமன் ஃபைல்ஸ், அதற்குள் வி.எஸ்.டி.3. அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். புது சில்லு மேக்கில், பழைய இன்டெல் பிளகின் தெரியவில்லை என்றால் தாய் மென்பொருளையே ரொசெட்டாவில் திறந்து பார்க்கலாம். மேலே சொன்ன 2024 கோளாறின்போதும் பலர் இந்த வழியில்தான் வேலையை ஓட்டினார்கள்.

பட்டியலில் இருந்தும் திறக்கவில்லை என்றால் சந்தேகம் பூட்டின் மேல் போக வேண்டும். பெரிய புதுப்பிப்புக்குப் பிறகு உரிம மென்பொருள் சில சமயம் ‘இது வேறு கம்ப்யூட்டர்’ என்று முடிவு கட்டிவிடும். உரிம மேலாளரின் புதிய பதிப்பைப் போட்டு மறுபடி அனுமதி வாங்க வேண்டும். திறந்த உடனே தாய் மென்பொருள் விழுகிறது, எது குற்றவாளி என்று தெரியவில்லை என்றால், பிளகின்களில் பாதியை வேறு அடைவுக்கு மாற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஓடினால் குற்றவாளி மாற்றிய பாதியில். விழுந்தால் இருக்கிற பாதியில். அதையும் இரண்டாக வெட்டுங்கள். நூறு பிளகின் இருந்தாலும் ஏழு தடவைக்குள் ஆள் அகப்படுவான். ஒலியே வரவில்லை, மைக் எடுக்கவில்லை என்பது பெரும்பாலும் பிளகின் குற்றமே அல்ல; புதுப்பிப்பு ஒலிச் சாதனத்தை மாற்றி வைத்திருக்கும், அல்லது மைக் அனுமதியை எடுத்திருக்கும். அமைப்புகளில் பார்த்தால் இரண்டு நிமிஷ வேலை.

ஒன்றும் நடக்கவில்லையா? விண்டோஸில் பெரிய பதிப்பு மாறிய பிறகு பழையதற்குத் திரும்ப 10 நாள் கெடு உண்டு. பதினோராம் நாள் யோசிக்கக் கூடாது. வேலை கையில் இருக்கும்போது புதுப்பிப்பை ஐந்து வாரம் வரை நிறுத்தி வைக்கவும் வழி இருக்கிறது. ஆனால் ஒரேயடியாக நிறுத்திவிட்டு வருஷக்கணக்கில் உட்காராதீர்கள். திருடன் புகும் ஓட்டையை அடைக்கிற வேலையும் அதே புதுப்பிப்பில்தான் வருகிறது.

இங்கேதான் சூழ்ச்சி இருக்கிறது, தோழர்களே. ஓட்டையை அடைக்கும் ஆணியையும், வேலையை நிறுத்தும் ஆப்பையும் ஒரே பொட்டலத்தில் கட்டித் தருகிறார்கள். ஒன்று வேண்டுமென்றால் மற்றதையும் விழுங்க வேண்டும். பிரிக்க முடியாதா? முடியும் என்று ஐரோப்பா சட்டமே போட்டிருக்கிறது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் நிறைவேற்றிய இணையப் பாதுகாப்புச் சட்டத்தில், தொழில்நுட்ப ரீதியில் இயலும் இடங்களில் பாதுகாப்புப் புதுப்பிப்பைப் புது வசதிகளிலிருந்து பிரித்தே தர வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் அமுலாகும். பாரிஸ் பாட்டுக்காரனுக்கு ஒரு நியாயம், வரதராஜன்பேட்டைப் பாட்டுக்காரனுக்கு ஒரு நியாயமா? மத்திய சர்க்கார் 2022இல் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு வலைவாசல் திறந்தது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நாலு துறை சொன்னார்கள். உழைப்பாளியின் கருவியாகிவிட்ட மென்பொருளுக்கு அங்கே இடமில்லை.

மாற்றமே கூடாது என்று நாம் சொல்வதாகச் சிலர் திரிப்பார்கள். பெரியார் 1935இலேயே தம் பத்திரிகையில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாண்டார். 1978இல் தமிழக சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டது. எழுத்து மாறியது. பழைய புத்தகம் எதுவும் பூட்டிக்கொண்டதா? நம் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் இருந்த வீரமாமுனிவரும் எகரத்தையும் ஏகாரத்தையும் பிரித்துக் காட்ட வழி கண்டவர்தான். ஓலைச் சுவடிகள் அதனால் ஊமையாகிவிடவில்லை. படிக்கிறவனை வெளியே தள்ளாத மாற்றம் அது. கம்பெனிகள் செய்யும் மாற்றமோ லாபக் கணக்கைப் பார்த்து நடக்கிறது. லாஜிக் மென்பொருளைச் செய்த எமாஜிக் கம்பெனியை 2002இல் ஆப்பிள் வாங்கியது. அந்த வருஷமே விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ்காரர்கள் நடுத்தெருவில்! கேக்வாக் மென்பொருளின் வளர்ச்சியை 2017 நவம்பரில் கிப்சன் கம்பெனி நிறுத்தியது. வேறொருவர் வாங்கியதால்தான் அது பிழைத்தது. 2023 மார்ச்சில் வேவ்ஸ் கம்பெனி ‘இனி விற்பனை கிடையாது, மாதச் சந்தாதான்’ என்றது. உலகமெங்கும் பாட்டுக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். சில நாட்களிலேயே கம்பெனி இறங்கி வந்தது. கூடிக் குரல் கொடுத்தால் கோடீஸ்வரனுக்கும் காது கேட்கும்.

சுதந்திர மென்பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்டர் போன்ற தறிகள் அதில் உண்டு. மூல நிரல் திறந்தே இருக்கிறது. எவனும் பூட்ட முடியாது. 2007இல் நம் மாநிலத்து எல்காட் நிறுவனம் லினக்ஸுக்கு மாறிக் காட்டியது. கேரளத்துப் பள்ளிகள் இன்றும் அதில்தான் நடக்கின்றன. ஆனால் ‘நாளைக்கே எல்லோரும் மாறுங்கள்’ என்று மேடையில் முழங்கும் நம் தோழர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். வாடிக்கைக்காரன் கேட்கும் ஒலி அங்கே இல்லாமலிருக்கலாம். அவன் பிழைப்பு கெட்டால் நாமா சோறு போடுவோம்? ஒரு பாட்டை அதில் செய்து பழகட்டும். ஸ்டைன்பர்க்கே 2025இல் வி.எஸ்.டி. 3 பொருத்துமுறையை யாரும் எடுத்தாளும் எம்.ஐ.டி. உரிமத்தில் திறந்துவிட்டது; காற்று அந்தத் திசையில் வீசுகிறது. திருட்டுப் பிரதி வைத்திருப்பவர்களும் நம்மிடையே உண்டு என்பது ஊரறிந்த ரகசியம். விலையைப் பார்த்தால் கோபம் வரவில்லை. ஆனால் புதுப்பிப்பில் முதலில் சாவது அதுதான், முறையிடவும் ஆளில்லை, வைரஸ் வருவதும் அந்த வழியாகத்தான்.

திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டப் பாடுபட்டவர் இசையமைப்பாளர் எம். பி. சீனிவாசன், 1988இல் மறைந்த நம் தோழர். வாத்தியம் வாசிக்கிறவனும் தொழிலாளிதான் என்று அவர் வாதாடிய காலத்தில் சிரித்தவர்கள் உண்டு. இன்று தனித்தனி அறைகளில் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர் பாட்டுக்காரர்களைச் சங்கத்துக்குள் கொண்டுவருகிற பொறுப்பு யாருடையது? விற்ற மென்பொருளை இத்தனை வருஷம் ஓட வைப்பேன் என்று விற்கும்போதே எழுதிக் கொடு; பாதுகாப்புப் புதுப்பிப்பைத் தனியே கொடு; கம்பெனியை மூடினால் பூட்டை எடுத்துவிட்டு மூடு. இந்தக் கோரிக்கைகளை நுகர்வோர் சட்டத்தில் ஏற்றச் சொல்லித் தீர்மானம் போட வேண்டிய இடம் தொழிற்சங்கம்தான்.

கிளைத் தோழர்கள் இப்போதே செய்யக்கூடியதும் உண்டு. கட்சிப் பாட்டுக்கு ஆர்டர் கொடுக்கும்போது முடிந்த பாட்டை மட்டும் வாங்கி வராதீர்கள். குரல் தனி, தவில் தனி, நாதஸ்வரம் தனி என்று ஒவ்வொரு தடத்தையும் சாதாரண ‘வேவ்’ கோப்பாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதற்கு அரை நாள் அதிகம் பிடிக்கும். அந்த அரை நாளுக்கும் கூலி கொடுங்கள். அந்தக் கோப்புகளைத் திறக்கப் பிளகின் வேண்டாம், உரிமமும் வேண்டாம். அடுத்த தேர்தலில் வேட்பாளர் பெயரை மட்டும் மாற்றிப் பாட வேண்டியிருக்கும்போது, எந்தக் கம்பெனியின் சாவிக்கும் காத்திராமல் வேலை நடக்கும்.