அழைப்பு என்பது மேடைக்கு மட்டும்தானா?

ஆண்டு மலரில் கிறிஸ்தவத்தைப் பற்றி ஒரு கட்டுரையா என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். யாரையும் மதம் மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை. என் சபையாரோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அந்தச் சண்டையில் பாதி நம் தமிழ்ப் பேரவைகளுக்கும் பொருந்தும் என்று நினைப்பதால்தான் அதை இங்கே எழுதுகிறேன்.

சண்டைக்குக் காரணம் ஒரே ஒரு சொல்: அழைப்பு. மற்ற வீடுகளில் இந்தச் சொல் கல்யாணப் பத்திரிகையோடு முடிந்துவிடும். எங்கள் சபையில் ஒருவரைப் பார்த்து, "அந்தத் தம்பிக்கு அழைப்பு இருக்கிறது" என்றால், அவர் வேலையை விட்டுவிட்டு இறையியல் கல்லூரிக்குப் போகப் போகிறார், பிறகு போதகராக வருவார் என்று பொருள். அப்படியானால் பள்ளியில் பாடம் நடத்தும் அக்காவுக்கும், கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் லாரி ஓட்டும் மாமாவுக்கும் என்ன இருக்கிறது? அவர்களுக்கு வேலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காணிக்கை போடுவதற்குச் சம்பளம் இருக்கிறது. அவ்வளவுதான். யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் எங்கள் இளையோர் கூட்டங்களில் வளர்ந்த எவரையும் கேட்டுப் பாருங்கள்.

நானும் அப்படி நம்பியவள்தான். 2018ஆம் ஆண்டு, இரண்டாம் படிவத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, போர்ட்டிக்சனில் நடந்த இளையோர் முகாமுக்குப் போனேன். கடைசி இரவு. செய்தி கொடுத்தவர், முழுநேர ஊழியத்திற்குத் தங்களை ஒப்புக்கொடுப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார். என் பக்கத்தில் இருந்த தோழி எழுந்தாள். நானும் எழுந்தேன். அவள் எழுந்ததால்தான் நான் எழுந்தேனா என்று இன்றுவரை என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். முழுக்க அப்படியும் சொல்ல முடியாது. அன்று அழுதது உண்மை. பயந்ததும் உண்மை.

வீட்டில் அதிகம் மகிழ்ந்தவர் தாத்தா. கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவியவர். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிட்டது. வேதாகமத்தை எழுத்துக் கூட்டிப் படித்தே தமிழைச் சரளமாக்கிக்கொண்டவர். "என் பேத்தி ஊழியக்காரி ஆகப் போகிறாள்" என்று அடுத்த ஜெபக்கூட்டத்திலேயே சாட்சி சொல்லிவிட்டார். பிறகு என்னால் பின்வாங்க முடியுமா?

2019ஆம் ஆண்டு டிசம்பரில், கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி நடந்துகொண்டிருந்த வாரத்தில், தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போயிற்று. அவர் வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல். பால். பசித்தாலும் பால், கோபம் வந்தாலும் பால், என்னைக் கூப்பிடுவதற்கும் பால். பால்மரம் சீவியவர் என்பதால்தான் அந்தச் சொல் மட்டும் மிஞ்சியது என்று அம்மா சொல்லுவார். இதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது. ஆனால் 1861இல் பிரான்சில் போல் புரோக்கா என்ற மருத்துவர் ஆராய்ந்த புகழ்பெற்ற நோயாளியும் எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஓசையையே திரும்பத் திரும்பச் சொன்னாராம். இதையெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், எழுபத்தெட்டு வயது மனிதர் ஒருவர் சொல்ல வந்தது வாய்க்கு வராமல் அழுகிறார் என்பதுதான்.

அந்த அழுகை எனக்குப் புதிதல்ல. ஆறு ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் வகுப்பில் முதலாவதாக வந்துவிட்டு, பன்னிரண்டு வயதில் யு.பி.எஸ்.ஆர். தேர்வில் மலாய்மொழியில் கோட்டைவிட்டு, தேசிய இடைநிலைப்பள்ளியில் பெராலிஹான் வகுப்பில் உட்கார்ந்தவள் நான். ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு விடை தெரியும். நாக்கில் வராது. வராததாலேயே நான் மக்கு என்று அடுத்த வகுப்பு மாணவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். இதைப் படிக்கும் உங்களில் சிலரும் அந்த வகுப்பில் இருந்திருப்பீர்கள்.

மருத்துவமனையில் பேச்சுச் சிகிச்சைக்கு அழைத்துப் போனோம். சிகிச்சையாளர் ஓர் இளம் மலாய்ப் பெண். மிகவும் பொறுமைசாலி. படஅட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டி மலாயில் பெயர் கேட்டார். ஆப்பிள், குடை, பேருந்து. தாத்தாவுக்குச் சந்தை மலாய் தெரியும்தான். ஆனால் நோய்க்குப் பிறகு அது அடியோடு அழிந்ததுபோல் இருந்தது. பல மொழி தெரிந்தவருக்குப் பேச்சிழப்பு வந்தால் எல்லா மொழிகளும் ஒரே அளவில் திரும்பிவர வேண்டும் என்பதில்லை. பெரும்பாலும் அதிகமாகப் புழங்கிய மொழியே முதலில் மீளும் என்று 1895லேயே பிட்ரெஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதியிருக்கிறார். அது எல்லாருக்கும் பொருந்தும் விதியல்ல. தாத்தாவுக்குப் பொருந்தியது.

2020 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபையார் வீட்டிற்கு ஜெபிக்க வந்தார்கள். வழக்கம்போல் ஒரு கீர்த்தனையோடு தொடங்கினார்கள். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாருடையது. 1864இல் மறைந்த அந்தப் புலவரின் பாடல்கள் இன்றும் நம் நாட்டுத் தமிழ்ச் சபைகளில் வாராவாரம் ஒலிக்கின்றன. இரண்டாவது வரியில் ஆண்குரல் ஒன்று கூடுதலாகக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் தாத்தா. பால் என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் வராத வாயிலிருந்து, பல்லவி முழுவதும், சரணம் முழுவதும், ஒரு சொல்கூடத் தவறாமல் வந்துகொண்டிருந்தது. பாட்டு நின்றதும் அவர் பேச்சும் நின்றுவிட்டது. அற்புதம் என்றார் போதகர் ஐயா. பாட்டி தரையிலேயே மண்டியிட்டுவிட்டார்.

மறுவாரம் இதை ஓடிப்போய்ச் சிகிச்சையாளரிடம் சொன்னேன். அவர் மகிழ்ந்தார், ஆனால் வியப்படையவில்லை. பேச்சு போனவர்கள் பழகிய பாட்டைப் பாடுவது பலரிடம் உண்டு என்றார். 1745லேயே சுவீடனில் ஓலோஃப் டாலின் என்பவர், பேச முடியாத ஒருவர் தேவாலயப் பாடல்களைத் தெளிவாகப் பாடியதைப் பதிவு செய்திருக்கிறார். 1973இல் அமெரிக்காவின் பாஸ்டனில், இராகத்தோடு சொற்களைப் பழக்கும் ஒரு சிகிச்சைமுறையையே உருவாக்கிவிட்டார்கள். எல்லாருக்கும் அது பலிப்பதில்லை, சிலருக்குப் பலிக்கிறது. உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. எங்கள் வீட்டில் நடந்த அற்புதம் ஏற்கெனவே பாடப்புத்தகத்தில் இருக்கிறதே!

அப்போது அவர் சொன்னார்: "எனக்குத் தமிழ் தெரியாது. உனக்குத் தெரியும். உன் தாத்தா வாழ்க்கையில் புழங்கிய பொருள்களை வைத்து நீயே அட்டை செய்து கொண்டு வா."

அதற்குள் மார்ச் 18 வந்தது. நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை. மருத்துவமனைச் சந்திப்பும் போயிற்று, ஞாயிறு ஆராதனையும் போயிற்று. வீட்டில் நானும் தாத்தாவும் பழைய நாள்காட்டி அட்டைகளும்தான். உளி, மங்கு, வாளி, பெரட்டு மணி, லயம், கித்தாப்பால் உறைந்த கட்டி. பாதிப் பொருள்களின் பெயரே எனக்குத் தெரியவில்லை. பாட்டியிடம் கேட்டு வரைந்தேன். ஆப்பிளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட மனிதர், உளியின் படத்தைப் பார்த்ததும் இடது கையை நீட்டி மரத்தைச் சீவுவதுபோல் காட்டினார். ஏழாவதோ எட்டாவதோ நாள், இராகம் போட்டுச் சொல்லிக் கொடுத்தபோது 'மங்கு' என்றார். பால் அல்லாத முதல் சொல்.

அன்று மாலை, முகாமில் எழுந்து நின்றபோது இருந்ததைவிட அதிகமாகப் பயந்தேன். கூட்டமில்லை, இசையில்லை, பக்கத்தில் தோழியில்லை. ஆனால் என்னை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது. இதற்குமேல் அதை விளக்க எனக்குத் தெரியாது.

வேதாகமத்தில் சிறுவன் சாமுவேலைக் கடவுள் கூப்பிடும் கதை உண்டு. மூன்று முறை குரல் கேட்கிறது. மூன்று முறையும் அவன் கிழவர் ஏலியிடம் ஓடுகிறான். கூப்பிடுவது யார் என்று ஏலி சொல்லித்தான் அவனுக்குத் தெரிகிறது. எனக்கு ஏலியாக வாய்த்தவர் முக்காடு அணிந்த ஒரு முஸ்லிம் பெண். இதைச் சபையில் சொன்னபோது சிலர் முகம் சுளித்தார்கள். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நடந்தது அதுதான்.

எஸ்.பி.எம். முடித்து, மெட்ரிகுலேஷன் முடித்து, 2023இல் பேச்சு அறிவியல் படிக்க இடம் கிடைத்தது. அப்போதுதான் சபை மூத்தவர் ஒருவர், எல்லார் முன்னிலையிலும், "ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டாய்" என்றார். அன்று எனக்குப் பதில் வரவில்லை. மறுபடியும் பெராலிஹான் வகுப்புதான். இப்போது சொல்கிறேன்.

ஐயா, கடவுளின் ஆவியால் நிரப்பப்பட்டான் என்று யாத்திராகமம் 31ஆம் அதிகாரம் பெயர் சொல்லிக் கூறுவது எந்தப் பிரசங்கியையும் அல்ல. பெசலெயேல் என்ற கைவினைஞனைத்தான். பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் ஆகியவற்றில் வேலை செய்வதற்காகவே அவனுக்கு அந்த ஆவி கொடுக்கப்பட்டது. யோப்பா பட்டணத்துத் தபீத்தாள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே எடுத்துக் காட்டியவை அவள் தைத்துக் கொடுத்த ஆடைகள். பவுல் கொரிந்துவில் கூடாரம் செய்து பிழைத்தவர். நம் லுத்தரன் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லூதர், குருவானவர்கள் மட்டுமே ஆவிக்குரியவர்கள் என்ற பிரிவினையை 1520லேயே தாக்கி எழுதினார். அழைப்புக்கு அவர் பயன்படுத்திய ஜெர்மன் சொல்தான் இன்று அந்த மொழியில் சாதாரணமாகத் தொழிலைக் குறிக்கும் சொல். நாமோ அவர் இடித்த சுவரை மீண்டும் தமிழில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்திறங்கிய சீகன்பால்குவுக்கு அப்போது ஏறக்குறைய 24 வயது. என்னைவிட இரண்டே வயது மூத்தவர். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர் என்று 1715ஐ எல்லாரும் சொல்லுவார்கள். அவர் வந்ததும் சிறு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார் என்பதைத்தான் நான் அதிகம் விரும்புகிறேன். அந்த மணல் இல்லாமல் அந்த அச்சு ஏது?

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானது. எல்லா வேலையும் அழைப்பு என்றால், நல்ல சம்பளம் கிடைக்கும் எந்தப் படிப்பையும் எடுத்துக்கொண்டு 'இதுதான் என் அழைப்பு' என்று சொல்லிவிடலாமே? சொல்லலாம்தான். சொல்லுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். எங்கள் போதகர் ஐயா ஒருவரே மூன்று ஊர்களுக்கு ஞாயிறுதோறும் கார் ஓட்டுகிறார் என்பதையும் மறைக்கவில்லை. எல்லாரும் என்னைப்போல் பேசினால் நாளை யார் பிரசங்கம் செய்வார்கள்? சிரம்பானிலுள்ள இறையியல் கல்லூரிக்கு எங்கள் சபையிலிருந்து ஒருவராவது போகட்டும் என்று நானும் ஜெபிக்கிறேன். அங்கே போகும் துணிச்சலை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் போதகர் பற்றாக்குறைக்கு மருந்து, மற்ற வேலைகளையெல்லாம் இரண்டாந்தரமாக்குவது அல்ல. அப்படி ஆக்கியதால்தான் பதினைந்து வயதுப் பிள்ளைகள் விளங்காமலே எழுந்து நிற்கிறார்கள். பின்பு பாதிப்பேர் குற்ற உணர்ச்சியில் சபைக்கே வராமல் போகிறார்கள். என்னோடு எழுந்த தோழி இப்போது எந்தச் சபைக்கும் போவதில்லை.

தமிழ்ப் பேரவை நண்பர்களே, உங்கள் பங்குக்கு வருகிறேன். நம்மிடையே தமிழ்ப்பணி என்றால் என்ன? பட்டிமன்றம், பேச்சுப் போட்டி, நாடகம், மலர் வெளியீடு. மேடை ஏறியவன் தமிழ்த்தொண்டன், மற்றவர்கள் பார்வையாளர்கள். நான் மேடையில் பேசினால் இன்றும் திக்குவேன். திக்குவாயும் மந்த நாவும் உள்ளவன் என்று மோசே சொன்னபோதுகூட, கடவுள் அவரை விட்டுவிடவில்லை. பேசுவதற்கு அண்ணன் ஆரோனைத் துணைக்குக் கொடுத்தார். ஆரோன்களுக்கு நம் பேரவையில் பஞ்சமில்லை. பக்கவாதத்தில் பேச்சிழந்த ஒரு தமிழ்ப் பாட்டிக்கு, அவருடைய மொழியில் ஒரு சொல்லைத் திரும்ப எடுத்துக் கொடுக்க எத்தனை பேர் இருக்கிறோம்? இப்போது மூன்றாம் ஆண்டு மருத்துவமனைப் பயிற்சியில் இருக்கிறேன். நான் போகும் இடத்தில் தமிழில் சிகிச்சை கொடுக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். நானும் இன்னும் மாணவிதான்.

தாத்தா 2022இல், நான் மெட்ரிகுலேஷனில் இருந்தபோது காலமானார். கடைசியில் ஏறக்குறைய நாற்பது சொற்கள் அவருக்குத் திரும்பியிருந்தன. இந்தப் படிப்பிற்குத்தான் போகப் போகிறேன், ஊழியத்திற்கு அல்ல என்று அவரிடம் சொன்ன நாளில், நாற்பதில் எதுவும் அவருக்கு வரவில்லை. என்னைப் பார்த்து, "பால், பால்" என்றார். சம்மதமா, வருத்தமா, எனக்குத் தெரியவில்லை. போதகர் ஐயா சம்மதம் என்கிறார். பாட்டி ஒன்றும் சொல்வதில்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். என் அட்டைகள் இப்போது நூற்றுப்பன்னிரண்டு. எல்லாம் ரப்பர் தோட்டத்துச் சொற்கள். செம்பனைத் தோட்டம், துறைமுகம், ரயில்வே குவார்ட்டர்ஸ், ஐந்தடியில் பூக்கட்டும் கடை இவற்றின் சொற்கள் என்னிடம் இல்லை. உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு, அவர்கள் நாள்தோறும் கையில் எடுத்த பத்துப் பொருள்களின் பெயர்களை, அவர்கள் சொல்லும் விதமாகவே எழுதி, பேரவை அறையில் என் பெயர் போட்டு வையுங்கள். படம் வரையத் தெரிந்தவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. நான் வரைந்த லயம் மாட்டுக்கொட்டகை மாதிரி இருக்கிறது.